முத்தலிபின் இளையவள்

“மூச்சு இருக்கு” என்று மர்ளியா மறுபடியும் சொன்னாள். கட்டிலோரம் முழங்காலூன்றி, புருஷனுடைய நெஞ்சில் காதை அழுத்தி வைத்திருந்தாள். “எனக்குக் கேக்குது. ஒருத்தரும் தொடாதீங்க.”

வாப்பாவின் கண்களை மூடிவிட நீட்டிய கையை அக்மல் எடுத்துக்கொண்டான். கால்மாட்டில் நின்று கலிமா சொல்லிக்கொண்டிருந்த அஸ்ரியா, மர்ளியாவின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள், நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். வெளியே விடிந்துகொண்டிருந்தது. இறால் பண்ணைப் பக்கமிருந்து சேற்று வாடை காற்றோடு ஜன்னலுக்குள் வந்தது. முத்தலிபின் வாய் சற்றே திறந்திருந்தது. ‘இனி வீட்ட கொண்டுபோய் வச்சுப் பாருங்க’ என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட நாளிலிருந்து அந்த வாய் வழியாகத்தான் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் நீர் கட்டினவர்களுடைய மூச்சு அது. இழுக்கும், நிற்கும், யோசிக்கும், பிறகு போனால் போகட்டும் என்று மறுபடி இழுக்கும். அதைக் கேட்டுக் கேட்டே மர்ளியாவுக்கு நித்திரை இல்லாமல் போயிருந்தது. அது நின்றால் தனக்குத் தெரியாமல் போகுமா? இதோ, மெல்லிசாக, நீளமாக, ஊ என்று கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அக்மல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து உம்மாவின் தோளில் கைவைத்தான்.

“உம்மா, அது கேன்ட சத்தம்.”

அவள் காதை இன்னும் அழுத்திவைத்தாள்.

“அடுத்த அறையில இருக்கிற கேன் உம்மா. தலைய எடுத்துட்டுக் கேட்டுப் பாருங்க.”

மர்ளியா தலையைத் தூக்கினாள். சத்தம் குறையவில்லை. அது கட்டிலிலிருந்து வரவில்லை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அப்படியும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு காதைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு, மற்றக் காதைத் திரும்பவும் நெஞ்சில் வைத்தாள். இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். அஸ்ரியாதான் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கதிரையில் இருத்தினாள்.

“இன்னாலில்லாஹி” என்று அக்மல் சொல்லி வாப்பாவின் கண்களை மூடினான்.

அந்தக் கேனைப் பற்றிச் சொல்லாமல் மர்ளியாவின் குடித்தனத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல ஏலாது. முத்தலிபு மாட்டூசிக்காரர். முந்தலிலிருந்து எலுவன்குளம் வரைக்கும் பால்மாடு வளர்க்கிற வீடுகளில் அவரைத் தெரியாதவர் கிடையாது. மாடு காளை தேடிக் கத்தத் தொடங்கினால் அவருக்குப் போன் வரும். நல்ல சாதிக் காளையின் விந்து அடைத்த மெல்லிய குழலோடு போய், மாட்டுக்கு ஊசி வைத்துவிட்டு வருவார். அந்தக் குழல்களை உறைநிலையில் வைத்திருக்கிற பாத்திரம்தான் கேன். அலுமினியத்தில் செய்த குடுவை, குண்டு வயிறு, ஒடுங்கிய கழுத்து. உள்ளே நைட்ரஜன் திரவம். பனிக்கட்டியெல்லாம் அதற்கு முன்னால் சுடுதண்ணீர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவு குளிர். குடுவைக்குச் சுவர் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் காற்றுக்கூட இல்லாத வெற்றிடம். அந்த வெற்றிடம் சரியாக இருக்கிறவரைக்கும் உள்ளே இருக்கிற குளிர் வெளியே தெரியாது, வெளியே இருக்கிற சூடும் உள்ளே போகாது. மூடியை மட்டும் இறுக்கிப் பூட்டுவதில்லை. திரவம் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருப்பதால், அது வெளியே போக வழி வேண்டுமென்று தக்கை மூடி சும்மா கழுத்தில் உட்கார்ந்திருக்கும்.

மோட்டார் சைக்கிளின் பின்சீட்டு கேனுக்கென்றே பட்டி போட்டு வைத்த இடம். மர்ளியா கலியாண வீடுகளுக்கு பஸ்ஸில் போனாள். பெருநாள் சோற்றில் கை வைத்த மனுசன் போன் வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கேனோடு போய்விடுவார். போகட்டும், சோறு ஆறினால் சுட வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் எழும்பின கையோடு பொஞ்சாதியின் முகத்தைப் பார்க்காமல் கேனில் காதை வைத்துக் கேட்கிறதை எந்தப் பொம்பிளை பொறுப்பாள்? அவள் அதற்கு ‘இளையவ’ என்று பேர் வைத்தாள். அவர் கோபப்படவில்லை, அந்தப் பேரையே எடுத்துக்கொண்டார். ‘எங்கட இளையவ இண்டைக்கு வாயே திறக்கல்ல, நல்ல புள்ள’ என்று சிரித்துக்கொண்டு தேத்தண்ணிக்கு வருவார். வாய் திறக்காமல் இருப்பதுதான் நல்ல கேனுக்கு அழகு என்று அவள் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அவர் படுக்கையில் விழுந்த கொஞ்ச நாளில் இளையவள் வாய் திறந்தாள். முதலில் அரிசி களைகிற மாதிரி ஒரு சலசலப்பு. பிறகு கேத்தல் கொதிக்குமுன் வருகிற முனகல். பிறகு மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வரும்போது ஊ என்று ஒரு ஊளை, இடையிடையே யாரோ உள்ளே இருந்து தட்டுகிற மாதிரி டொக் டொக். குடுவையின் தோள் வியர்த்து, வெள்ளையாக உறைபனி படிந்தது. முத்தலிபு படுத்தபடியே கேட்டுவிட்டு, வெற்றிடத்துக்குள் காற்றுப் புகுந்துவிட்டது, இனி இவள் கத்தித்தான் தீருவாள் என்றார். ஆனாலும் நைட்ரஜன் வண்டி வந்தபோது நிரப்பச் சொன்னார். நாளைக்கோ மறுநாளோ எழும்பிப் போகலாம் என்கிற நப்பாசை மனுசனுக்கு. மர்ளியா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், வாயை ஒரு துணியால் அடைத்துவிட்டுப் படுத்தால் என்ன என்று கேட்டாள். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்.

“கத்துறவரைக்கும் பயமில்ல, மர்ளியா. சத்தம் நிண்டாத்தான் பயம். வாய மட்டும் அடைச்சிராத.”

இப்போது அவர் வாய் மூடிவிட்டது. தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. விறாந்தையிலும் முற்றத்திலும் ஆம்பிளைகள். மாடு வளர்க்கிற சிங்களவர்கள் சிலர் எலுவன்குளத்திலிருந்து வந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல் வேலியோரம் கூடி நின்றார்கள். மர்ளியாவுக்கு வெள்ளைச் சேலை உடுத்தி உள்ளறையில் பாயில் இருத்தியிருந்தார்கள். இனி விதவைக்குரிய இத்தாக் காலம் முடியும்வரை அவள் அந்நிய ஆம்பிளைகளின் கண்ணில் படக்கூடாது. அறை வாசலில் திரைச்சீலை தொங்கியது. பெண்கள் யாசீன் ஓதினார்கள்.

மர்ளியா அழவில்லை. அழ வரவில்லை என்பதுதான் சரி. காலையில் அந்த நெஞ்சில் காது வைத்து, இல்லாத மூச்சுக்காக எல்லாரோடும் சண்டை பிடித்தது அவளுக்குள் கல்லாக இருந்தது. எந்த நேரத்தில் போனார்? தான் இளையவளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இருக்கிறார் இருக்கிறார் என்று நம்பியிருந்த நேரத்தில் அவர் தனியாகப் போயிருக்கிறார். கடைசி மூச்சு எது என்று அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. மய்யத்து வீட்டில் சத்தம்போட்டு அழக்கூடாது, ஒப்பாரி வைக்கக்கூடாது என்று அஸ்ரியா ராத்தா வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சனம் அடங்கித்தான் இருந்தது. கேன்தான் அடங்கவில்லை. ‘ஆரு புள்ள அது, இப்படி அழுறது?’ என்று புதிதாக வந்த ஒரு கிழவி கேட்டு, பெண்கள் சிரிக்கவும் முடியாமல் தலையைக் குனிந்தார்கள்.

மய்யத்தைக் குளிப்பாட்ட அந்தக் கேன் இருந்த அறையைத்தான் ஒழுங்கு செய்தார்கள். சீமெந்துத் தரை, தண்ணீர் ஓட வடிகான், பின்வளவுக்கு ஒரு கதவு, எல்லாம் அங்கேதான். கேனை மூலைக்குத் தள்ளிவிட்டார்களாம். இலந்தையிலை போட்டுக் காய்ச்சின தண்ணீர் போவதும், பலகை போவதும் திரைக்கு அந்தப் பக்கம் மர்ளியாவுக்குக் காலடிச் சத்தமாகத் தெரிந்தது. உள்ளே லெப்பையும் அக்மலும். பள்ளி லெப்பை ஊரில் பாதிப் பேரைக் குளிப்பாட்டி அனுப்பிய மனுசர். அக்மல் ஒரே மகன், வாப்பாவுக்குத் தானே ஊற்றவேண்டும் என்று நின்றான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

யாசீன் ஓதி முடிந்து பெண்கள் மூச்சு வாங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஊளை இல்லை. முனகல் இல்லை. வீடு அமைதியாக இருந்தது.

“ராத்தா, கேன்ட சத்தம் எங்க?”

அஸ்ரியா அவள் முதுகைத் தடவினாள். ஃபஸ்லான் வாயை அடைத்துவிட்டானாம். ஃபஸ்லான் முத்தலிபின் தம்பி. குளிப்பாட்டுகிற நேரத்திலும் இது ஊளையிட்டால் மய்யத்துக்கு மரியாதையில்லை என்று ஈரத்துவாய்த் துண்டைத் திருகிக் கழுத்துக்குள் அடித்து, மேலே மூடியை வைத்து, சைக்கிள் டியூபால் கைபிடியோடு இழுத்துக் கட்டி, சாக்கும் போட்டு மூடிவிட்டானாம். எல்லாம் அக்மல் உள்ளே வருமுன்பே. நல்ல மனுசன், நானா மேல அவ்வளவு பாசம் என்றாள் ராத்தா.

மர்ளியாவுக்குப் பழைய சோடாப் போத்தல் ஞாபகம் வந்தது. அக்மல் சின்னப் புள்ளையாக இருந்தபோது, முத்தலிபு விளையாட்டுக் காட்டுகிறேன் என்று சோடாப் போத்தலில் கொஞ்சம் நைட்ரஜன் ஊற்றி, மூடியை முறுக்கி, பின்வளவில் வைத்துவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அது வெடித்த சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர் தெருவுக்கு வந்துவிட்டார். போத்தல் துண்டு தென்னமரத்தில் ஏறியிருந்தது, கோழியொன்றுக்குக் கால் போனது. அவள் அவரோடு பேசாமல் கிடந்தாள் அதற்காக. அது ஒரு சோடாப் போத்தல், அடியில் ஒரு வாய்த் திரவம். இது வயிறு நிறைந்த அலுமினியக் குடுவை. அதுவும் வெற்றிடம் போய் உள்ளே குபுகுபுவென்று கொதிக்கிற குடுவை. ஆவி போக வழியில்லை. அதே அறைக்குள் மகன் நிற்கிறான்.

“ராத்தா, போய்ச் சொல்லுங்க. அதத் திறக்கச் சொல்லுங்க. வெடிக்கும்.”

அஸ்ரியா திரையை விலக்கி யாரிடமோ சொன்னாள். பதில் திரும்பி வந்தது. எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம், மதினியை ஸபுறாக, பொறுமையாக இருக்கச் சொன்னார்களாம். மர்ளியா மறுபடி அனுப்பினாள். இந்தமுறை பதிலே வரவில்லை. யாரோ ஒரு ஆம்பிளை, பாவம், மனசு பேதலிச்சுப் போச்சு, இந்த நேரத்தில கேனப் பத்திக் கதைக்கிறா என்று சொன்னது மட்டும் திரைக்குள் கேட்டது.

அவள் போனை எடுத்து அக்மலுக்கு அடித்தாள். எடுத்தது ஃபஸ்லான். குளிப்பாட்டப் போகுமுன் போனை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் மகன்.

“தம்பி, கேன்ட வாயத் திறங்க. உடனே திறங்க.”

“திறந்தா திரும்பக் கத்தும் மதினி.”

“கத்தட்டும்.”

“வெளியூர்ச் சனமெல்லாம் வந்திருக்கு. நானாவ நல்லபடியா அனுப்புவம். நீங்க ஸபுறு செய்ங்க” என்றான். போன் நின்றுவிட்டது.

மர்ளியா வாயைத் திறந்து அக்மல் என்று கூப்பிட்டாள். அது கூப்பிடுகிற சத்தமாக வரவில்லை, அலறலாக வந்தது. அஸ்ரியா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். மற்றப் பெண்கள் கைகளைப் பிடித்தார்கள். அழுதால் மய்யத்துக்கு வேதனை, அழாத, அழாத என்றார்கள். அழுகை யாருக்கு வந்தது? அந்தக் கைகளுக்குள் அவள் மூச்சுத் திணறினாள். அல்லாஹ் இன்றைக்கு ஒன்றை எடுத்துவிட்டான், மிச்சமிருக்கிற ஒன்று அந்த அறைக்குள் நிற்கிறது, சொல்ல வாயில்லை. ராத்தாவின் கையைக் கடித்துவிட்டு அவள் எழும்பினாள்.

திரையை விலக்கிக்கொண்டு அவள் விறாந்தைக்கு வந்தபோது பேச்செல்லாம் நின்றது. வெள்ளைச் சேலையைக் கண்டதும் ஆம்பிளைகள் தலையைக் குனிந்து சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். இத்தாவில் இருக்கிற பொம்பிளை ஆம்பிளைகளுக்கு நடுவால் நடந்து போனதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பிறகு இதைப் பற்றி நாக்கு வலிக்கக் கதைத்தார்கள், அது வேறு. அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே அந்தக் கதவுக்குப் போனாள்.

கதவுக்கு முன்னால் ஃபஸ்லான் நின்றான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. இரண்டு கையையும் விரித்து, மதினி, உள்ள மய்யத்து குளிப்பாட்டுறாங்க, வேணாம் என்றான். கேன் என்று இன்னொரு தடவை சொன்னால் தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் போட்டுவிடுவார்கள் என்று அவளுக்கு விளங்கியது. அந்த நேரத்தில் எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் புத்தி.

“நான் என்ட புருஷனுக்குத் தண்ணி ஊத்தணும்” என்றாள். பிறகு கதவைப் பார்த்து, முற்றம்வரை கேட்கச் சொன்னாள். “லெப்பை, பொஞ்சாதி புருஷனக் குளிப்பாட்ட மார்க்கத்தில இடமிருக்கா, இல்லையா?”

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

“இருக்கு” என்றார் லெப்பை. “அது அவட உரிமை. விடுங்க.”

மார்க்கத்துக்கு மேல் ஃபஸ்லான் என்ன சொல்வான்? விலகினான்.

கற்பூரமும் இலந்தையிலையும் மணக்கிற அறை. பலகையில் முத்தலிபு கிடந்தார், இடுப்பிலிருந்து முழங்கால்வரை போர்த்தின துணி நனைந்து ஒட்டியிருந்தது. லெப்பை ஒரு கையால் அவர் தலையைத் தாங்கியிருந்தார், முடியில் சவர்க்கார நுரை. அக்மல் கோப்பையோடு நின்று உம்மாவைத் திகைத்துப் பார்த்தான். அவள் அவனைத் தாண்டி மூலைக்குப் போய்ச் சாக்கை இழுத்தாள். சாக்கு பாதி உறைந்து குடுவையோடு ஒட்டிக்கொண்டு, கிழிந்து வந்தது. தோளிலிருந்து கழுத்துவரை ஒரே வெள்ளை. டியூப் குறுக்கும் நெடுக்கும் இறுகியிருந்தது. மூடிக்குக் கீழே துவாயின் ஓரம் பலகைத்துண்டாக விறைத்து நின்றது. உள்ளிருந்து டொக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

“இத யாரு கட்டின?” என்றான் அக்மல். சோடாப் போத்தல் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “உம்மா, வெளிய போங்க. லெப்பை, நீங்களும் போங்க. எல்லாரும் போங்க.”

“வாப்பாவ விட்டுட்டா?” என்றாள் மர்ளியா.

லெப்பை தலையைத் தாங்கிய கையை எடுக்கவில்லை. மய்யத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழும்ப ஏலாது மகன் என்று மட்டும் சொல்லி, தன் உடம்பைக் கொஞ்சம் திருப்பி முத்தலிபின் முகத்துக்கு மறைப்பாக இருந்துகொண்டார்.

மய்யத்தைப் போர்த்தக் கபன் துணி வெட்டின கத்தரிக்கோல் தட்டில் கிடந்தது. மர்ளியா அதை எடுத்து டியூபில் வைத்து அழுத்தினாள். இறப்பர் வெட்டுப்படாமல் கண்ணாடி போல முறிந்தது. மூடியைத் தட்டிவிட்டாள். கழுத்துக்குள் துவாய் கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இழுத்தாள், வரவில்லை. கழுத்தைப் பிடித்த கையை எடுக்கப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. உள்ளங்கை உலோகத்தோடு ஒட்டிவிட்டது.

“சுடுதண்ணிய ஊத்து” என்றாள்.

“அது வாப்பாட தண்ணி உம்மா.”

“அவர் ஒண்டும் சொல்ல மாட்டார். ஊத்து மகன், ஊத்து.”

அக்மல் பானையையே தூக்கிவந்து கழுத்தில் ஊற்றினான். இலந்தையிலை அவள் கையிலும் குடுவையிலும் வழிந்தது. பனிக்கட்டி சடசடவென்று வெடித்தது. அவள் கை கழன்றது. பானையின் அடித்தண்ணீரும் விழுந்தபோது துவாய் துப்பாக்கிச் சத்தத்தோடு கிளம்பி, கூரைத் தகரத்தில் அடித்து, எங்கோ விழுந்தது. அதற்குப் பிறகு வந்ததை ஊளை என்று சொல்ல ஏலாது. குடுவை வாய்விட்டு இரைந்தது. வெள்ளைப்புகை கழுத்திலிருந்து கொட்டித் தரையெல்லாம் பரந்து, முழங்காலளவு ஏறி, பலகைக்கு மேலாலும் போனது. பின்கதவத் திற, பின்கதவத் திற என்று அவள் கத்தினாள். அக்மல் உதைத்துத் திறந்தான். புகை படியிறங்கி வளவுக்குள் போயிற்று.

முன்கதவால் ஃபஸ்லான் ஓடிவந்தான். கிழிந்த சாக்கையும், முறிந்த டியூபையும், கூரையில் நசுங்கியிருந்த தகரத்தையும் பார்த்தான். தான் செய்தது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான்.

“நானாட மூச்சு மாதிரியே இருந்திச்சு மதினி” என்றான். “எனக்குக் கேட்டுட்டு நிக்க ஏலல்ல.”

அவனைத் திட்டுவதற்குத்தான் அவள் திரும்பினாள். வாயில் வந்தது வேறு.

“எனக்கும்தான், தம்பி.”

அக்மலும் ஃபஸ்லானும் சாக்கைச் சுற்றிக் குடுவையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவில் முருங்கை மரத்தடியில் வைத்தார்கள். அங்கிருந்து அது கத்தியது. முற்றத்துச் சனம், வேலியோரத்துச் சிங்களவர்கள், எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அதை அடக்கச் சொல்லவில்லை.

மர்ளியா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மகன் உயிரோடு வளவில் நடமாடுவது கதவால் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னாள். திரும்பினபோது பலகை கண்ணில் பட்டது. உள்ளறையிலிருந்து எழும்பினதிலிருந்து இந்த நிமிசம்வரை அவர் மவுத்தானது அவளுக்கு ஞாபகத்திலேயே இருக்கவில்லை. கேனைப் பார்த்துப் பதறினபோதுகூட, இவர் வந்தால் என்ன செய்யவேண்டுமென்று தெரியுமே என்றுதான் மனம் ஓடியது. வர மாட்டார். நெற்றியில் நுரை காய்ந்திருந்தது. இனி எந்த விடியலிலும் வர மாட்டார். பலகையைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் இருந்தாள்.

லெப்பை கோப்பையை எடுத்து, “ஊத்துறீங்களா மகள்?” என்று கேட்டார்.

உள்ளே வருவதற்காகச் சொன்ன சொல் அது என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊத்துறன் என்றாள். ஆனால் தண்ணீர் இல்லை. இருந்ததெல்லாம் இளையவளுக்குப் போய்விட்டது. அக்மல் குசினிக்கு ஓடினான். அடுத்த பானை அடுப்பிலேயே இருந்தது, இலையைப் போட்டுச் சாக்கால் பிடித்து அவசரமாகத் தூக்கிக்கொண்டு வந்தான். லெப்பை கோப்பையை அவள் கையில் கொடுத்து, வலது பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னார். வெளியே அஸரின் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது, ஆனாலும் அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது.

அவள் கோப்பையில் தண்ணீரை முகந்தாள். வலது உள்ளங்கையில் தோல் வெள்ளையாக உரிந்து, உணர்ச்சியே இல்லை. கோப்பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, இடது மணிக்கட்டை நீட்டி, அதில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள்.

“சூடு கூட” என்றாள். “பச்சத்தண்ணி கொஞ்சம் கலக்கணும்.”

லெப்பை அவளைப் பார்த்தார். எழும்பிப் போய், மூலையில் இருந்த வாளியைத் தூக்கிவந்து பானைக்குள் ஊற்றினார். மர்ளியா கையால் கலக்கிவிட்டு, மறுபடி முகந்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம்” என்றாள்.